சித்தாந்தத்தை ஒதுக்கிவிட்டுப் பிரச்சினையை மட்டும் பேச முடியுமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இதுதான்: "எந்தப் பொது விவாதத்தை எடுத்தாலும் இரண்டு தரப்பும் தங்கள் சித்தாந்தத்தைப் பிடித்துக்கொண்டு மல்லுக்கட்டுகின்றன. கண்முன்னால் இருக்கும் பிரச்சினையை எப்படித் தீர்ப்பது என்று ஒருவரும் பேசுவதில்லை. சித்தாந்தத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, எது பலன் தருமோ அதைச் செய்துவிட்டுப் போகலாமே?"

உங்கள் சலிப்பு புரிகிறது. பொதுக்கொள்கை பற்றிப் படிப்பதிலும் பேசுவதிலுமே பல வருடங்களாக என் பொழுது போகிறது. எனக்கும் அந்தச் சலிப்பு வந்ததுண்டு. ஆனால் கேள்வியின் பின்பாதியை என்னால் ஏற்க முடியவில்லை. "எது பலன் தருமோ" என்கிறீர்கள். சரி, யாருக்குப் பலன்? எதைப் பலன் என்று எண்ணுகிறோம்? இந்த இரண்டுக்கும் பதில் சொல்லாமல் ஓரடிகூட நகர முடியாது. பதில் சொல்ல வாயைத் திறந்ததுமே சித்தாந்தம் உள்ளே வந்து உட்கார்ந்துவிடும்.

தமிழில் இதற்கு இன்னொரு சிக்கலும் உண்டு. "அவர் கொள்கைப் பிடிப்புள்ளவர்" என்கிறோம். "அரசு புதிய தொழில் கொள்கையை அறிவித்தது" என்றும் சொல்கிறோம். முதலாவது, ஒரு மனிதர் எதை நம்பி வாழ்கிறார் என்பது. அது காற்றடிக்கிற பக்கம் சாயக் கூடாது என்று எதிர்பார்க்கிறோம். இரண்டாவது, அரசு என்ன செய்யப் போகிறது என்பது. அது பலன் தரவில்லையென்றால் மாறியே ஆக வேண்டும். இரண்டுக்கும் நம்மிடம் ஒரே சொல். அதனால்தானோ என்னவோ, "இந்தத் திட்டத்தை மாற்றுங்கள்" என்று ஒருவர் சொன்னால், "உன் நம்பிக்கையைக் கைவிடு" என்று சொன்ன மாதிரி எதிரில் இருப்பவர் காதில் விழுகிறது. உடனே சண்டை.

என் பதில் இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்தான் இருக்கிறது. "எதற்காக" என்ற கேள்விக்குச் சித்தாந்தம் பதில் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். "எப்படி" என்ற கேள்விக்கும் அது களத்தைப் பார்க்காமலே பதில் வைத்திருக்கும்போதுதான் காரியம் கெடுகிறது. இதற்கு மறுபக்கமும் உண்டு: "நான் நடைமுறைவாதி, எனக்குச் சித்தாந்தமெல்லாம் கிடையாது" என்று சொல்கிறவர், "எதற்காக" என்ற கேள்வியைக் கேட்காமலே தாண்டிப் போகும்போதும் அதே அளவுக்குக் கெடுகிறது.

நான் அடிக்கடி திரும்பிப் போகிற ஒரு கதை இருக்கிறது. 1858ஆம் ஆண்டு கோடை, லண்டன். நகரத்தின் கழிவு முழுவதும் தேம்ஸ் ஆற்றில் விழுந்துகொண்டிருந்தது. அந்த வருட வெயிலில் ஆறு தாங்க முடியாத அளவுக்கு நாறியது. நாடாளுமன்றக் கட்டடம் ஆற்றங்கரையிலேயே இருக்கிறது. ஜன்னல் திரைகளைக் குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் நனைத்துத் தொங்கவிட்டும் உள்ளே உட்கார முடியவில்லை. நிதியமைச்சர் டிஸ்ரேலியே மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு ஒரு குழு அறையிலிருந்து வெளியேறினார். ஜூலை 15 அன்று அவர் வடிகால் மசோதாவைக் கொண்டுவந்தார். ஆகஸ்ட் 2 அன்று அது சட்டமாகிவிட்டது. மொத்தம் 18 நாள்.

அதற்கு முந்தைய பத்து வருடங்கள் என்ன நடந்துகொண்டிருந்தது? 1848-49இல் வந்த காலராவில் லண்டனில் மட்டும் 14,000 பேருக்கு மேல் இறந்தார்கள். 1853-54இல் மறுபடியும் 10,000 பேருக்கு மேல். நகரம் அசுத்தமாக இருக்கிறது, வடிகால் வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். விவாதம் ஓடியது வேறு விஷயத்தில்: மேலேயிருந்து ஒரு மைய வாரியம் உள்ளூர் மக்களுக்கு உத்தரவு போடலாமா? உள்ளூர் சுயாட்சிதான் எங்கள் சுதந்திரம், மையத்தில் அதிகாரத்தைக் குவிப்பது கொடுங்கோன்மை என்று ஒரு தரப்பு உறுதியாக நின்றது. சுகாதாரச் சீர்திருத்தத்தை முன்னின்று நடத்திய எட்வின் சாட்விக்கை 1854இல் பதவியிலிருந்து இறக்கியும்விட்டார்கள்.

இதுவரை கேட்டால், சித்தாந்தம் பேசியவர்கள் கெடுத்தார்கள், சாட்விக் மாதிரி காரியக்காரர்கள் சரியாகச் சொன்னார்கள் என்று தோன்றும். ஆனால் சாட்விக் தரப்பு, துர்நாற்றம்தான் நோயைக் கொண்டுவருகிறது என்று அசைக்க முடியாமல் நம்பியது. வீடுகளுக்கு அடியில் இருந்த மலக்குழிகளை ஒழித்துவிட்டு, எல்லாவற்றையும் சாக்கடை வழியாக ஆற்றில் தள்ள வைத்தது. வீட்டுக்குள் நாற்றம் குறைந்தது, உண்மை. ஆனால் ஏராளமான மக்கள் குடித்தது அந்த ஆற்றுத் தண்ணீரை. காலரா தண்ணீர் வழியாகப் பரவுகிறது என்று ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் 1849இலேயே எழுதினார். 1854இல் பிராட் தெருவில் ஒரு பம்பைச் சுற்றி யார் யார் இறந்தார்கள் என்று வீடு வீடாகக் கணக்கெடுத்தும் காட்டினார். சுகாதார வாரியத்தின் நிபுணர் குழு அதை ஏற்கவில்லை. ஆக, கொள்கை பேசியவர்கள் வேலையைத் தடுத்தார்கள். காரியம் செய்தவர்கள் தவறான கோட்பாட்டை நம்பி ஆட்களைச் சாகவிட்டார்கள். பொறியாளர் ஜோசப் பஸால்ஜெட் கடைசியில் கட்டிய 82 மைல் நீளப் பிரதான வடிகால்களும் நாற்றத்தை விரட்டுவதற்காகக் கட்டியவைதான். குடிநீர் சுத்தமானது கூடவே கிடைத்த பலன். 1866இல் காலரா திரும்பி வந்தபோது, வடிகால் வேலை முடியாத கிழக்கு லண்டனைத்தான் அது வாட்டியது. அதற்கப்புறம் அந்த நகரத்தில் அது கொள்ளைநோயாக வரவே இல்லை.

நிஜமான நெருக்கடி வந்தால் சித்தாந்தம் பறந்துவிடும் என்பதற்கு இந்தக் கதையைச் சொல்வார்கள். எனக்கு இதில் தெரிவது வேறு. நெருக்கடி 1858இல் புதிதாக வரவில்லை. நெரிசலான பகுதிகளில் ஆயிரக்கணக்கானவர்கள் ஏற்கெனவே செத்துப் போயிருந்தார்கள். நாற்றம் சட்டம் போடுகிறவர்களின் மூக்குக்கு வந்த பிறகுதான் அது "நடைமுறைப் பிரச்சினை" ஆயிற்று. எது பிரச்சினை, யாருடைய பிரச்சினை முதலில் தீர வேண்டும் என்பதே அரசியல் கேள்வி. அதைக் கேட்காமல் "வாருங்கள், தீர்வு பேசுவோம்" என்றால், ஏற்கெனவே யார் சத்தம் சபையில் கேட்கிறதோ அவர்களுடைய பிரச்சினைக்குத்தான் தீர்வு கிடைக்கும்.

இதைவிட வலிக்கிற உதாரணம் அடிமை முறை. பிரிட்டன் 1833இல் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் போட்டபோது, உரிமையாளர்களுக்கு 2 கோடி பவுண்டு இழப்பீடு கொடுத்தது. அடிமைப்பட்டிருந்தவர்களுக்கு ஒரு காசுகூட இல்லை. அவர்கள் மேலும் சில வருடங்கள் "பயிற்சியாளர்" என்ற பெயரில் அதே முதலாளிக்குக் கூலியில்லாமல் உழைக்க வேண்டும் என்றும் விதித்தது. எதிர்ப்பு வலுத்ததால் அந்த ஏற்பாடு 1838இல் முன்கூட்டியே முடிந்தது. சட்டம் போட்டவர்கள் கண்ணில் அது மிக நடைமுறையான சமரசம். அவர்கள் தீர்க்க முனைந்தது உரிமையாளரின் நஷ்டம் என்ற பிரச்சினையை. எலிசபெத் ஹெய்ரிக் என்ற பெண்மணி 1824இலேயே "படிப்படியாக வேண்டாம், உடனடியாக" என்று துண்டுப் பிரசுரம் எழுதினார். நடைமுறை தெரியாதவர் என்றுதான் அவரை நினைத்திருப்பார்கள். எனக்கு அவர் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. சில விஷயங்களில் கொள்கையை விட்டுக்கொடுக்காதவர்கள் இல்லையென்றால் பிரச்சினை பிரச்சினையாகவே பதிவாகாது.

சரி, அப்படியென்றால் சித்தாந்தம் எங்கே தடம் புரள்கிறது? இதை நெருக்கத்தில் பார்க்க ஓர் ஆய்வு உதவும். டான் கஹான் என்ற சட்டப் பேராசிரியரும் அவருடைய குழுவினரும் 2013இல் வெளியிட்டது. அமெரிக்கர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் ஒரு சிறிய அட்டவணையைக் கொடுத்தார்கள். தோலில் தடிப்பு வந்தவர்களில் ஒரு கிரீமைத் தடவியவர்கள்: 223 பேருக்குக் குணமானது, 75 பேருக்கு மோசமானது. தடவாதவர்கள்: 107 பேருக்குக் குணமானது, 21 பேருக்கு மோசமானது. கிரீம் உதவியதா?

223 என்ற எண் கண்ணில் அடிக்கும். "உதவியது" என்று சொல்லத் தோன்றும். ஆனால் விகிதம் போட்டுப் பாருங்கள். தடவியவர்களில் குணமானவர்கள் சுமார் 75 சதவீதம், தடவாதவர்களில் சுமார் 84 சதவீதம். கிரீமை விட்டிருந்தால் நல்லது. கணக்கில் தேர்ந்தவர்கள் இதைச் சரியாகக் கண்டுபிடித்தார்கள். எதிர்பார்த்ததுதான். அப்புறம் அதே எண்களுக்கு மேல் தலைப்பை மட்டும் மாற்றினார்கள்: துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் போட்ட நகரங்கள், போடாத நகரங்கள், குற்றம் கூடியதா குறைந்ததா. இப்போது கணக்கில் தேர்ந்தவர்களே இரண்டாகப் பிரிந்தார்கள். முதல் பார்வையில் தோன்றும் விடை தங்கள் தரப்புக்கு ஒத்துப்போனால் அங்கேயே நின்றுவிட்டார்கள். ஒத்துப்போகாவிட்டால்தான் உட்கார்ந்து விகிதம் போட்டுப் பார்த்தார்கள். கணக்கு தெரியாதவர்களைவிடத் தெரிந்தவர்களிடையே இந்தப் பிளவு அதிகம்.

இதைப் படித்த பிறகு, "மக்களுக்கு விவரம் பத்தவில்லை, விவரம் கொடுத்தால் சரியாகிவிடும்" என்று நான் சொல்வதை விட்டுவிட்டேன். என்னையும் கொஞ்சம் கவனிக்க ஆரம்பித்தேன். எனக்குப் பிடித்த முடிவைச் சொல்லும் கட்டுரையை ஒரே மூச்சில் படித்துவிடுகிறேன். பிடிக்காத முடிவைச் சொல்வதைத்தான் பென்சிலோடு படிக்கிறேன். இப்போதெல்லாம் முதல் வகைக்கும் பென்சிலை எடுக்கிறேன்.

வெறும் கருவியாக இருக்க வேண்டிய திட்டங்கள் கட்சிக் கொடியாக மாறுவதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் அனல்மின் நிலையங்களின் கந்தக டை ஆக்சைடால் அமில மழை பெய்து ஏரிகளில் மீன்கள் செத்துக்கொண்டிருந்தன. 1990இல் குடியரசுக் கட்சி அதிபர் மூத்த ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்ட சட்டம், 1980ஆம் ஆண்டின் அளவைவிட வருடத்துக்கு 1 கோடி டன் குறைய வேண்டும் என்று உச்சவரம்பு வைத்தது. எந்த நிலையம் எவ்வளவு குறைப்பது என்பதை மட்டும் அவர்களிடமே விட்டது. குறைவாக வெளியிட்டவர், தான் பயன்படுத்தாத வெளியீட்டு உரிமத்தை மற்றவருக்கு விற்கலாம். "மாசுபடுத்த லைசென்ஸா?" என்று சூழலியலாளர்கள் பலர் கொதித்தார்கள். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் திட்டத்தின் உயிர் ஒருவரும் மேடையில் பேசாத ஒரு இடத்தில் இருந்தது: புகைபோக்கிகளில் இடைவிடாமல் அளக்கும் கருவிகளைப் பொருத்தச் சொன்னது சட்டம். உரிமத்துக்கு மேல் போனால் டன்னுக்கு 2,000 டாலர் அபராதம். வாதாடி இழுத்தடிக்க இடமே இல்லை. ரயில் கட்டணம் குறைந்து, கந்தகம் குறைந்த மேற்குப் பகுதி நிலக்கரி மலிவாகக் கிடைத்ததும் கைகொடுத்தது. 2010 வாக்கில் மின் நிலையங்களின் கந்தக டை ஆக்சைடு 1990இல் இருந்ததில் பாதிக்கும் கீழே போய்விட்டது. செலவும் எதிர்பார்த்ததைவிடக் குறைவு.

பிறகு என்ன ஆனது? கார்பன் டை ஆக்சைடுக்கு ஏறக்குறைய அதே ஏற்பாட்டைக் கொண்டுவரும் மசோதா, 2009 ஜூனில் கீழவையில் 219க்கு 212 என்ற வாக்கில் ஒட்டிக்கொண்டு நிறைவேறியது. குடியரசுக் கட்சியிலிருந்து ஆதரித்தவர்கள் 8 பேர்தான். மேலவையில் அது வாக்கெடுப்புக்கே வரவில்லை. கந்தகமும் கார்பனும் ஒன்றல்ல. கார்பனைக் குறைக்கும் செலவு பொருளாதாரம் முழுவதையும் தொடும். அந்த அடிப்படையில் எதிர்த்திருந்தால் அது நியாயமான வாதம். ஆனால் குடியரசுக் கட்சியினருக்கு, தங்கள் கட்சி அதிபர் கொண்டுவந்த, சந்தையை நம்பும் ஒரு முறையையே "எதிர்த்தரப்பின் சதி" என்று பேச இருபதே வருடம் போதுமாக இருந்தது. அளவுகோல் வைத்துப் பார்க்க வேண்டிய ஒன்றைக் கொடியாகப் பார்க்கத் தொடங்கியதும் அளப்பது நின்றுவிடுகிறது.

இதற்கு நேர் எதிரான விபத்து சீனாவில் நடந்தது. 1979-80இல் மக்கள்தொகையை என்ன செய்வது என்ற கேள்வி வந்தபோது, சொங் ஜியான் என்ற ஏவுகணைக் கட்டுப்பாட்டு விஞ்ஞானி தன் கணித மாதிரிகளைக் கொண்டுவந்தார். நூறு வருடத்துக்கான வரைபடங்கள், கணினிக் கணக்கு. முடிவு: வீட்டுக்கு ஒரு பிள்ளை. வயதான காலத்தில் கிராமத்துப் பெற்றோரை யார் பார்ப்பார்கள் என்று கேட்டவர்களின் பேச்சு, அந்த எண்களுக்கு முன்னால் வெறும் கருத்தாகத் தெரிந்தது. லியாங் ஜொங்தாங் என்பவர் விடாமல் வாதாடி, 1985இல் ஷான்சி மாகாணத்தில் யிச்செங் என்ற ஒரே ஒரு வட்டாரத்தில் மாற்று முறைக்கு அனுமதி வாங்கினார்: தாமதமாகத் திருமணம், இடைவெளி விட்டு இரண்டு பிள்ளைகள். அங்கே மக்கள்தொகை வெடித்துவிடவில்லை. வளர்ச்சி நாட்டின் சராசரியைவிடக் குறைவாகவே இருந்தது. இருந்தும் நாடு தழுவிய விதியைக் கைவிடும் அறிவிப்பு 2015 அக்டோபரில்தான் வந்தது. ஒரு குடும்பத்தில் எத்தனை பிள்ளைகள் என்று அரசு முடிவு செய்யலாம் என்பது ஒரு சித்தாந்தம். அது சமன்பாட்டுக்குள் ஒளிந்திருந்ததால் அதைப் பற்றி விவாதமே நடக்கவில்லை. அதனால்தான் "எனக்குச் சித்தாந்தம் இல்லை" என்று ஒருவர் சொன்னால் நான் கூடுதலாகக் கவனிக்கிறேன்.

சித்தாந்தமும் நடைமுறையும் சரியாகச் சேர்ந்த இடம் எது என்று கேட்டால், ஸ்வீடனின் சாலைகளைச் சொல்வேன். 1997 அக்டோபரில் அந்த நாட்டு நாடாளுமன்றம் ஒரு கொள்கையை ஏற்றது: சாலை விபத்தில் ஒருவர்கூடச் சாகவோ பலத்த காயமடையவோ கூடாது. பயண நேரத்துக்கு இத்தனை உயிர் என்று பேரம் பேசுவது தவறு என்ற அறநிலைப்பாடு அது, பச்சையான சித்தாந்தம். அதை வெளிப்படையாகவே சொன்னார்கள். அதற்கப்புறம் "எப்படி" என்பதைச் சாலையைப் பார்த்து முடிவு செய்தார்கள். எதிரெதிர் வாகனங்கள் மோதுவதில் சாவு அதிகம். மனிதர்கள் தவறு செய்யத்தான் செய்வார்கள், அந்தத் தவறுக்கு மரணம் தண்டனையாகக் கூடாது என்று எடுத்துக்கொண்டார்கள். அகலமான இருவழிச் சாலையை மூன்று தடங்களாகப் பிரித்து, நடுத்தடத்தை முந்திச் செல்வதற்காக ஒருமுறை இந்தப் பக்கத்துக்கும் அடுத்த முறை அந்தப் பக்கத்துக்கும் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். எதிரெதிர்ப் போக்குவரத்துக்கு நடுவில் எஃகுக் கம்பிவடத் தடுப்பு. 1998இல் யெவ்லே நகரத்துக்கு அருகே முதலில் போட்டபோது எதிர்ப்பு இருந்தது. வண்டிகள் அந்தக் கம்பிகளில் அடிக்கடி மோதின, பராமரிப்புச் செலவும் ஆனது. ஆனால் எதிரே வருகிற லாரியில் மோத வேண்டியவர்கள் கம்பியில் மோதிவிட்டு உயிரோடு இறங்கினார்கள். 1997இல் 541 ஆக இருந்த வருடாந்தரச் சாவு, 2010 வாக்கில் ஏறக்குறைய பாதியானது. இலக்கில் துளியும் சமரசம் இல்லை. வழிமுறையில் எதையும் புனிதமாக்கவும் இல்லை.

இன்னொன்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் விவாதங்களில் பதில்கள் பெரும்பாலும் இரண்டுதான்: அரசு நடத்தட்டும், அல்லது தனியாரிடம் கொடு. பொது மேய்ச்சல் நிலம் அழியாமல் இருக்க இந்த இரண்டு வழிதான் என்கிற மாதிரி சூழலியலாளர் காரெட் ஹார்டின் 1968இல் எழுதினார். அரசியல் அறிவியலாளர் எலினோர் ஆஸ்ட்ரம், நிஜ ஊர்களில் நடந்த கள ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார். சுவிட்சர்லாந்தின் டோர்பெல் கிராமத்தில் 1517லேயே ஒரு விதி எழுதி வைத்திருந்தார்கள்: குளிர்காலத்தில் எத்தனை மாடுகளுக்கு உன்னால் தீனி போட முடியுமோ அத்தனையை மட்டும் கோடையில் பொது மேய்ச்சலுக்கு அனுப்பு. அரசும் இல்லை, தனியுடைமையும் இல்லை. ஊர்க்காரர்களே போட்டு, ஊர்க்காரர்களே கண்காணித்து, நூற்றாண்டுகளாக ஓடிய விதி. 2009இல் அவருக்குப் பொருளாதார நோபல் கிடைத்தது. அவர் அதை எல்லா இடத்துக்கும் மருந்தாகச் சொல்லவில்லை என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். எந்த நிபந்தனைகளில் அது நிற்கிறது, எங்கே உடைகிறது என்றும் எழுதினார்.

நடைமுறையில் நீங்கள் என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். நான் செய்வதைச் சொல்கிறேன். விவாதம் சூடாகும்போது முதலில் என் "எதற்காக" என்பதைப் போட்டு உடைத்துவிடுகிறேன். "எனக்கு இதில் வேகத்தைவிட ஏழைகளுக்கு முதலில் கிடைப்பது முக்கியம், அதனால் சில செலவுகளை நான் ஏற்றுக்கொள்கிறேன்" என்று. எதிரில் இருப்பவரும் தன்னுடையதைச் சொல்லிவிட்டால், பல நேரம் நாங்கள் சண்டை போடுவது இலக்கில் அல்ல, வழியில் என்று தெரிகிறது. அதைப் பேசித் தீர்க்கலாம். இலக்கிலேயே வேறுபாடு என்றால் எந்தப் புள்ளிவிவரமும் அதைத் தீர்க்காது. அதற்குத்தான் தேர்தல், வாக்கெடுப்பு எல்லாம் இருக்கின்றன. அங்கே ஆதாரங்களை அடுக்கி ஒருவரை மடக்கப் பார்ப்பதை நான் நிறுத்திவிட்டேன்.

வழியைப் பற்றிய சண்டை என்றால் இரண்டு கேள்விகள் கேட்பேன். "இது நாளைக்கே சட்டமானால் முதல் நாள் காலையில் யார் என்ன செய்வார்கள்?" புகைபோக்கிக் கருவி மாதிரியான விஷயங்கள் இந்தக் கேள்வியில்தான் வெளியே வரும். அடுத்தது, "என்ன நடந்தால் இது தோற்றுவிட்டது என்று ஒத்துக்கொள்வீர்கள், எத்தனை வருடத்தில்?" இதைத் திட்டம் தொடங்கும் முன்னே கேட்க வேண்டும். தொடங்கிய பிறகு கேட்டால், கணக்கில் தேர்ந்தவர்கள் எந்த எண்ணையும் வெற்றியாகக் காட்டிவிடுவார்கள். எனக்குப் பிடித்த திட்டங்களுக்கும் இதே கேள்விகளை எழுதிப் பார்க்கிறேன். பாதிக்கு மேல் என்னால் உடனே பதில் சொல்ல முடிவதில்லை. பதில் கிடைக்கும் வரை அந்தத் திட்டத்துக்காகப் பொதுவில் வாதாடுவதில்லை.